ஊடாட்டக் கணிதப் பணித்தாள்களில் நழுவல்: எல்லை, படியளவு, வினா
(பட்டுக்கோட்டை வட்டாரச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஊடாட்டக் கணிதப் பணித்தாள்களில் மாறியின் மதிப்பை மாணவர் தம் கையால் மாற்றிப் பார்ப்பதற்கு உதவும் கருவி நழுவல். அதனை உருவாக்குவது எளிது. ஆனால் அதன் கீழெல்லை, மேலெல்லை, படியளவு ஆகியவற்றைப் பணித்தாளைப் படைப்பவர் கருதாமல் விட்டுவிட்டால், கற்பிக்க விரும்பிய கணித உண்மையே திரையில் தோன்றாமல் போகக்கூடும். இக்கட்டுரை இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள், நேர்க்கோட்டின் சாய்வு, ஒரு மா நிலத்தின் வரப்பு, மேட்டூர் அணையின் நீர்மட்டமும் இருப்பும் என்னும் நான்கு எடுத்துக்காட்டுகளின் வழி இதனை விளக்குகிறது. பின்னிரண்டும் காவிரிக் கடைமடையாகிய பட்டுக்கோட்டை வட்டாரத்து மாணவர் வாழ்வோடு ஒட்டியவை.

திறவுச்சொற்கள்: நழுவல், ஊடாட்டப் பணித்தாள், ஜியோஜீப்ரா, துணையலகு, படியளவு, கணித மாதிரி, மேட்டூர் அணை.

முன்னுரை

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரிப் படுகையில் இவ்விரண்டு எண்களையும் அறியாத வேளாண் குடும்பம் அரிது. குறுவைக்கு அணை திறக்கும் நாளாக மரபில் நிலைத்துவிட்ட ஜூன் 12 நெருங்க நெருங்க, அன்றன்றைய நீர்மட்டம் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் தேநீர்க் கடையிலும் பேசப்படும். கல்லணைக் கால்வாயின் வழியே நீர் பெறும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு இப்பேச்சு இன்னும் நெருக்கமானது. 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையோடு ஒரே திட்டத்தில் வெட்டப்பட்டது அக்கால்வாய்; தஞ்சைப் பகுதியில் அதற்குப் 'புது ஆறு' என்பதே வழக்கு.

நீர்மட்டம் 100 அடி என்று கேட்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், தாம் கற்ற நேர்விகிதத்தைக் கொண்டு இருப்பைக் கணக்கிட்டால் 77.9 டி.எம்.சி. என்னும் விடை கிடைக்கும். அறிவிக்கப்படும் இருப்போ ஏறத்தாழ 65 டி.எம்.சி. தான். இடைப்பட்ட 13 டி.எம்.சி. எங்கே போயிற்று? கணக்கிட்ட முறையில் பிழையில்லை. நேர்விகிதம் என்று கொண்டதே பிழை. இத்தகைய வினாவை மாணவர் தாமே எதிர்கொண்டு, தாமே திருத்திக்கொள்ளும்படி ஒரு பணித்தாளை அமைக்க நழுவல் உதவும். ஆயினும் நழுவலை வைத்துவிட்டதனாலேயே அது நிகழ்ந்துவிடாது.

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டு தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதி இடம்பெற்றது. கணிதப் பாடநூல்களில் அப்பகுதி பெரும்பாலும் ஜியோஜீப்ரா பணித்தாள்களுக்கே மாணவரை அழைத்துச் செல்கிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அதற்கு இடமளித்தன. எனவே நழுவல் இன்று ஆர்வலர் சிலரின் விளையாட்டுப் பொருள் அன்று. பாடத்தின் ஓர் உறுப்பு. அதன் அமைப்பைப் பாடநூலின் வரையறைகளையும் எடுத்துக்காட்டுகளையும் ஆராய்வதுபோல ஆராய வேண்டிய தேவை இதனால் எழுகிறது.

வகுப்பறைப் பேச்சில் 'ஸ்லைடர்' என்றே வழங்கும் இக்கருவியை இக்கட்டுரை 'நழுவல்' என்னும் சொல்லால் குறிக்கிறது.

நழுவலின் உறுப்புகள்

திரையில் உள்ள வடிவத்தை இழுத்து மாற்றிக் காணும் வசதி, 1980களின் இறுதியில் பிரான்சில் உருவான கேப்ரி, 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகிய மென்பொருள்களால் கணித வகுப்புக்குள் வந்தது. அவற்றில் இழுக்கப்பட்டவை முதன்மையாகப் புள்ளிகள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தம் முதுகலை ஆய்வின் பகுதியாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா, வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்தது. அதனால் புள்ளியைப் போலவே எண்ணும் இழுக்கத்தக்க பொருளாயிற்று. நழுவல் என்பது அவ்வாறு இழுக்கத்தக்கதாக்கப்பட்ட ஓர் எண்ணே.

உருவாக்கும் முறை மிக எளிது. உள்ளீட்டுப் பட்டையில் ஓர் எழுத்தைக் குறித்துச் சமக்குறியிட்டு ஒரு மதிப்பைத் தந்தால், அம்மதிப்புக்குரிய நழுவலை மென்பொருள் அமைத்துக்கொள்ளும். நேர்க்கோட்டின் சமன்பாட்டைச் சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் எண்ணுக்குப் பதில் எழுத்தை இட்டுத் தட்டச்சு செய்தாலும், அவ்விரண்டுக்கும் நழுவல்கள் தோன்றும். கருவிப்பட்டையிலிருந்து நேரடியாக அமைப்பவர் எண், கோணம், முழுஎண் என்னும் மூன்று வகைகளுள் ஒன்றைத் தேர்ந்து கீழெல்லை, மேலெல்லை, படியளவு ஆகிய மூன்றையும் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் எண் நழுவல் −5 முதல் 5 வரை 0.1 படியளவோடும், கோண நழுவல் 0° முதல் 360° வரை 1° படியளவோடும் அமையும். தானே ஓடும் இயக்கம், அதன் வேகம், ஊசல்போல் திரும்பி வருதல் முதலிய வசதிகள் வேறு. அவற்றை இக்கட்டுரை பெரிதாகக் கொள்ளவில்லை. தானே ஓடும் நழுவலைப் பார்க்கும் மாணவர் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கட்டத்தை நிரப்பாமல் விடுவதும் ஒரு தேர்வே. −5, 5, 0.1 என்பன மென்பொருளை ஆக்கியோர் எதற்கும் பொதுவாகப் பொருந்தட்டும் என்று வைத்த எண்கள். குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு அவை பொருந்துமா என்பதைப் பணித்தாளைப் படைப்பவரே முடிவு செய்தாக வேண்டும்.

துணையலகின் நிலைகள்

நழுவலால் மாற்றப்படும் எழுத்து சமன்பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்வது நலம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் டிரைவர்ஸ் 2003-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், இயற்கணிதத்தில் துணையலகு ஏற்கும் வெவ்வேறு நிலைகளை வகைப்படுத்தினார். ஓர் எண் அமர்வதற்கான வெற்றிடமாக அது முதலில் அறிமுகமாகிறது. பின்னர் மாறிக்கொண்டே செல்லும் அளவாகிறது. அதன்பின் தனித்தனி நேர்வுகள் அனைத்தையும் ஒரே கூற்றில் அடக்கும் பொதுமையாக்கி ஆகிறது. சில கணக்குகளில் கண்டுபிடிக்கப்பட வேண்டிய அறியா மதிப்பாகவும் நிற்கிறது.

நழுவல் இரண்டாம் நிலையை மிக எளிதில் காட்டிவிடுகிறது. இழுத்தால் மாறுகிறது என்பதைக் காண முயற்சியே தேவையில்லை. மூன்றாம் நிலை அப்படிக் கண்ணுக்குப் புலனாவதன்று. நூறு பரவளையங்கள் திரையில் ஓடி மறைந்தபின், அவை அனைத்துக்கும் பொதுவானது எது என்பதை மாணவர் சொல்லாக்கியும் குறியீடாக்கியும் பார்த்தால்தான் அந்நிலை கைகூடும். 'நழுவலை நகர்த்தி மாற்றத்தைக் கவனிக்க' என்ற அளவில் நின்றுவிடும் பணித்தாள் இரண்டாம் நிலையோடு முடிந்துவிடுகிறது. பல பணித்தாள்களின் குறைபாடு இதுவே.

சுவீடன் கல்வியியலாளர் ஃபெரென்ஸ் மார்டனின் வேறுபாட்டுக் கோட்பாடும் இங்குத் துணைநிற்கும். மாறாதவற்றின் பின்னணியில் ஒன்று மட்டும் மாறும்போதுதான் அவ்வொன்று கவனத்துக்கு வரும் என்பது அதன் அடிப்படை. மூன்று கெழுக்களுக்கும் மூன்று நழுவல்களை முதல் நொடியிலேயே மாணவர் முன் வைத்துவிட்டால், எது எதனால் மாறியது என்பது புலப்படாது. தேர்வுப் பெட்டி ஒன்றை இணைத்து, ஒரு நழுவலின் பணி முடிந்தபின் அடுத்தது தோன்றுமாறு செய்வது ஜியோஜீப்ராவில் கடினமான வேலையன்று.

படியளவு தாண்டிச் செல்லும் உண்மை

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் தன்மை கற்பிக்கப்படுகிறது. தன்மைக்காட்டி மிகை எனில் மூலங்கள் மெய், சமமற்றவை. பூச்சியம் எனில் மெய், சமம். குறை எனில் மெய் மூலங்கள் இல்லை. வரைபடத்தில் இம்மூன்றும், பரவளையம் கிடை அச்சை இரு புள்ளிகளில் வெட்டுவதாகவும், தொட்டு நிற்பதாகவும், தொடாமல் விலகி நிற்பதாகவும் தெரியும். நழுவலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்றே தோன்றும்.

இருபடி உறுப்பின் கெழுவை 1 என நிலைநிறுத்தி, நடுக்கெழுவுக்கு ஒரு நழுவலும் மாறிலிக்கு ஒரு நழுவலும் அமைப்பதாகக் கொள்வோம். அப்போது

தன்மைக்காட்டி = (நடுக்கெழு)² − 4 × மாறிலி

மாறிலியை 2-இல் வைத்து, நடுக்கெழுவின் நழுவலை மாணவர் மெல்ல வலப்புறம் நகர்த்துகிறார். அச்சுக்கு மேலே நின்ற பரவளையம் இறங்கிவருகிறது. நடுக்கெழு 2.8 ஆகும்போது தன்மைக்காட்டி −0.16, அடுத்த படியான 2.9-இல் 0.41. பூச்சியம் வரவே இல்லை. வளைவு அச்சைத் தொடுவதற்கு நடுக்கெழு 2√2 ஆக, அதாவது ஏறத்தாழ 2.828 ஆக இருக்க வேண்டும். அது விகிதமுறா எண், 0.1 என்னும் படியளவு அதனை ஒருநாளும் எட்டாது. சமமூலங்கள் என்னும் நேர்வு அம்மாணவரின் திரையில் நிகழவே நிகழாது.

இதனினும் சிக்கலானது மற்றொன்று. நடுக்கெழு 2.8 எனும்போது பரவளையத்தின் தாழ்ந்த புள்ளி அச்சுக்கு 0.04 அலகு மேலே நிற்கிறது. வழக்கமான திரையளவில் அவ்விடைவெளி கண்ணுக்குத் தெரியாது. வளைவு அச்சைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே தோன்றும். கண்ணை நம்பும் மாணவர் '2.8-இல் சமமூலங்கள்' என்று எழுதுவார். தன்மைக்காட்டியின் மதிப்பும் திரையில் காட்டப்பட்டிருந்தால் கண் சொல்வதும் எண் சொல்வதும் முரண்படும். திறமையான ஆசிரியர் அம்முரணையே பாடமாக்கிக்கொள்வார். மதிப்பு காட்டப்படாவிட்டால் அவ்வாய்ப்பும் இல்லை.

இரண்டு நழுவல்களும் −5 முதல் 5 வரை 0.1 படியளவில் இயங்கினால், ஒவ்வொன்றும் 101 மதிப்புகளை ஏற்கும், இணைகள் 10,201. அவற்றுள் தன்மைக்காட்டி சரியாகப் பூச்சியமாகும் இணைகள் எத்தனை? நடுக்கெழுவைப் பத்தில் ஒன்றின் மடங்காக எழுதிக் கணக்கிட்டால், அது 2-இன் முழுஎண் மடங்காக இருக்கும்போது மட்டுமே உரிய மாறிலி 0.1-இன் மடங்காக அமையும் என்பது தெரியவரும். எனவே நடுக்கெழு 0 எனில் மாறிலி 0, ±2 எனில் 1, ±4 எனில் 4 என ஐந்தே இணைகள். பாடத்தின் மையமான நேர்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளில் ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கிறது. அதை மாணவர் தற்செயலாகக் கண்டறிவார் என எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

தீர்வு படியளவை நுண்மையாக்குவதில் இல்லை. 0.01 என்று குறைத்தாலும் 2√2 எட்டாதது எட்டாததே. விரலுக்கு வசப்படாத நடுக்கமே மிஞ்சும். நடுக்கெழுவை −5 முதல் 5 வரை முழுஎண் நழுவலாகவும், மாறிலியை −7 முதல் 7 வரை 0.25 படியளவிலும் அமைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஏனெனில் சமமூலங்களுக்குரிய மாறிலி, நடுக்கெழுவின் வர்க்கத்தில் நான்கில் ஒரு பங்கு. முழுஎண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்தால் 0.25-இன் மடங்கு தப்பாமல் கிடைக்கும். இப்போது நடுக்கெழுவின் 11 மதிப்புகளுக்கும் சமமூலம் தரும் மாறிலி ஒன்று உண்டு. மேலெல்லை 7 என வைத்ததற்கும் காரணம் உண்டு: நடுக்கெழு 5 எனில் வேண்டிய மாறிலி 6.25. மாறிலியின் மேலெல்லை 5-ஆகவே இருந்தால், நடுக்கெழு 5 ஆனபின் தன்மைக்காட்டி 5-க்குக் குறையவே குறையாது. 'நடுக்கெழு பெரிதானால் எப்போதும் இரு மூலங்கள்' என்னும் பொய்ப் பொதுமைக்கு அது வழிவகுக்கும்.

பதினோர் இணைகளையும் மாணவர் அட்டவணையாக்கி, அவற்றைத் தனியொரு தளத்தில் புள்ளிகளாகக் குறிக்கும்போது இன்னொரு பரவளையம் எழுகிறது. ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு புள்ளியாகக் காணும் அத்தருணத்தில் துணையலகு பொதுமையாக்கியாகிறது. நழுவலின் படியளவைத் திருத்தியதால் மட்டுமே இது இயன்றது.

சாய்வும் கோணமும்

நேர்க்கோட்டின் சாய்வுக்கு −5 முதல் 5 வரை நழுவல் வைப்பது வழக்கம். சாய்வு 0-இலிருந்து 1-க்குச் செல்லும்போது கோடு 45° திரும்புகிறது. 4-இலிருந்து 5-க்குச் செல்லும்போது ஏறத்தாழ 2.7° மட்டுமே. ஒரே நீள நகர்வுக்கு இத்துணை வேறுபட்ட விளைவு. மேலெல்லையில் கோடு 78.7° அளவில் நின்றுவிடுவதால் செங்குத்துக் கோடு தோன்றுவதே இல்லை. சாய்வு வரையறுக்கப்படாத நிலையைக் கற்பிக்க வேண்டிய பாடத்தில் இது சிறு குறையன்று. சாய்வுக் கோணத்துக்கு 0° முதல் 180° வரை நழுவல் அமைத்து, அக்கோணத்தில் உள்ள ஒரு புள்ளியையும் ஆதிப்புள்ளியையும் இணைத்துக் கோடு வரைந்தால், 90°-இல் கோடு நிமிர்ந்து நிற்கும். சாய்வைக் கணக்கிடும் கட்டத்தில் மட்டும் மதிப்பு இராது. கோடு இருக்கிறது, சாய்வு இல்லை என்பதை ஒரே பார்வையில் காணலாம். அதன்பின் சாய்வு நழுவலை அறிமுகப்படுத்துவது பொருத்தம்.

ஒரு மா நிலத்தின் வரப்பு

பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் எழுதப்பட்டாலும், தஞ்சைப் பகுதியில் நிலத்தைப் பேசும் வாய்க்கு மாவும் குழியுமே பழக்கம். குழியின் அளவு தமிழகத்தில் இடத்துக்கு இடம் வேறுபடும். 12 அடிக் கோலால் அளக்கும் தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி. ஒரு மா பரப்புள்ள செவ்வக வயலுக்கு வரப்பின் மொத்த நீளம் எப்போது மிகக் குறையும் என்பது இவ்வட்டாரத்து மாணவருக்கு அயலான வினா ஆகாது.

நீளத்தைக் கோலில் அளந்து அதற்கு நழுவல் அமைத்தால், அகலம் 100-ஐ நீளத்தால் வகுத்துப் பெறப்படும். நீளம் 10 கோல் எனில் அகலமும் 10. வரப்பு 40 கோல், அதாவது 480 அடி. நீளம் 20 எனில் அகலம் 5, வரப்பு 50. நீளம் 25 எனில் அகலம் 4, வரப்பு 58. நீளம் 50 எனில் அகலம் 2, வரப்பு 104. வாய்க்காலை ஒட்டி நீண்டு ஒடுங்கிய வயல்களுக்கு வரப்பு ஏன் மிகுகிறது என்பது எண்ணளவில் தெரிகிறது. வரப்புக்கென விடும் நிலமும் அதன் பராமரிப்பும் அதற்கேற்ப மிகும்.

2 முதல் 50 கோல் வரை அமைந்த இந்நழுவலில் மீச்சிறு மதிப்புக்குரிய 10 இடப்பக்கத்தை ஒட்டி, மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்குத் தொலைவிலேயே வந்துவிடுகிறது. இடப்புறம் வரப்பு சட்டென ஏறுகிறது. வலப்புறம் மெல்ல ஏறுகிறது. நீளமும் அகலமும் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் வயல் அதே வயல்தான் என்னும் சமச்சீர்மை இதில் மறைந்துபோகிறது. 20-க்கு 5 என்பதும் 5-க்கு 20 என்பதும் ஒரே வடிவம். நழுவலிலோ ஒன்று 10-க்கு அருகில், மற்றொன்று தொலைவில்.

இதனைச் சீராக்க, நீளத்துக்கு நேரடியாக நழுவல் வைக்காமல் ஓர் அடுக்குக்கு வைக்கலாம். நீளம் = 10 × 2^(அடுக்கு) எனக் கொண்டு, அடுக்கை −2 முதல் 2 வரை நகர்த்தினால் நீளம் 2.5 கோலிலிருந்து 40 கோல் வரை செல்லும். அடுக்கு 0 எனில் சதுரம். ±1 எனில் வரப்பு 50. ±2 எனில் 85. மீச்சிறு மதிப்பு நழுவலின் நடுவில் அமைகிறது, இருபுறமும் ஒத்து ஏறுகின்றன. கூட்டல் வரிசையில் நகரும் விரலால் பெருக்கல் வரிசையில் மாறும் அளவைக் கட்டுப்படுத்துவதே இதன் நுட்பம். பதினோராம் வகுப்பில் அடுக்குக்குறிச் சார்பைத் தொடங்க இதைவிட இயல்பான வாயில் வேண்டுவதில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு முதல் வடிவமே போதும். ஆனால் சமச்சீர்மையை வினாவாகக் கேட்க வேண்டும்.

மேட்டூர்ப் பணித்தாள்

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இனித் திரும்பலாம். நீர்மட்டத்துக்கு 0 முதல் 120 அடி வரை ஒரு நழுவல். மேலெல்லையை 120 என வைப்பது மென்பொருளின் தேவையால் அன்று. அணை அதற்குமேல் தேக்குவதற்கென அமைக்கப்படவில்லை. இங்கு நழுவலின் எல்லை புறவுலகைப் பற்றிய ஒரு கூற்றாகிறது. இரண்டாம் நழுவல், கீழ்க்காணும் மாதிரியில் உள்ள அடுக்குக்கு உரியது:

இருப்பு = 93.47 × (நீர்மட்டம் ÷ 120)^(அடுக்கு)

அடுக்கு எம்மதிப்பை ஏற்றாலும் 120 அடிக்கு இருப்பு 93.47 என்றே வரும். வளைவு அந்தப் புள்ளியில் கட்டுண்டு நிற்கும். அறிவிப்புகளிலிருந்து இரண்டு புள்ளிகளை மாணவர் இடவேண்டும்: 100 அடிக்கு ஏறத்தாழ 65 டி.எம்.சி., 90 அடிக்கு 52-க்கும் 53-க்கும் இடைப்பட்ட அளவு. அடுக்கு 1 எனில் கிடைப்பது நேர்விகிதம். அது 100 அடிக்கு 77.9, 90 அடிக்கு 70.1 தந்து இரு புள்ளிகளுக்கும் மேலே வெகுதொலைவில் செல்கிறது. அடுக்கு 3 எனில் வளைவு புள்ளிகளுக்குக் கீழே போய்விடுகிறது. 0.1 படியளவில் நகர்த்திவரும் மாணவர் 1.9-இல் 66.1, 54.1 என்றும், 2.1-இல் 63.7, 51.1 என்றும் காண்பார். 2-இல் கிடைப்பவை 64.9, 52.6. வளைவு இரு புள்ளிகளின் வழியாகவும் செல்கிறது.

இப்பணித்தாளில் நீர்மட்டம் மாறும் அளவு. அடுக்கோ கண்டறியப்பட வேண்டிய அறியா மதிப்பு. ஒரே திரையில் உள்ள இரண்டு நழுவல்கள் டிரைவர்ஸ் கூறிய இரு வேறு நிலைகளில் இயங்குகின்றன. இதனை மாணவருக்கு உணர்த்த, நீர்மட்ட நழுவலைக் கிடை அச்சை ஒட்டியும், அடுக்கு நழுவலைத் தனியே மேல்மூலையில் வேறு வண்ணத்திலும் வைப்பது பயன் தரும்.

அடுக்கு ஏன் 2? நழுவல் இதற்கு விடை சொல்லாது, வடிவியல் சொல்லும். செங்குத்துச் சுவர்களையுடைய தொட்டியில் நீரின் கன அளவு உயரத்துக்கு நேர்விகிதம். அங்கு அடுக்கு 1. தலைகீழாக நிறுத்திய கூம்பில் உயரம் கூடக்கூட நீளம், அகலம் இரண்டும் விரிவதால் அடுக்கு 3. இருபுறமும் சரிந்த சுவர்களோடு ஒரே நீளமுள்ள வாய்க்கால் வடிவில் அகலம் மட்டுமே விரிவதால் அடுக்கு 2. ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றை அணையால் மறித்தால் உருவாகும் நீர்த்தேக்கம் இம்மூன்றாம் வடிவத்தைப் பெரிதும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. கனஅளவுப் பாடத்தில் தனித்தனிச் சூத்திரங்களாகக் கற்ற கூம்பும் பெட்டியும் இங்கு ஒரு நழுவலின் இரு முனைகளில் நிற்கின்றன.

எச்சரிக்கையும் தேவை. பள்ளத்தாக்கு கணித வடிவம் அன்று. வண்டல் படிவால் கொள்ளளவு மாறும். தாழ்ந்த மட்டங்களில் இம்மாதிரி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மேற்கண்ட இரு புள்ளிகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆகவே பணித்தாளில் 60 அடிக்குக் கீழ் வளைவைப் புள்ளிக்கோடாகக் காட்டுவது நேர்மையான வழி. புதிய அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரு புள்ளியைச் சேர்த்து, வளைவு தாங்குகிறதா என மாணவர் சோதிக்கலாம். ஓராண்டு நீர்வரத்தின் ஏற்ற இறக்கத்தில் அவர்கள் வரைபடம் நிரம்பிவிடும்.

வினாவின் இடம்

மேற்கண்ட பணித்தாள்கள் அனைத்திலும் நழுவலைத் தொடும் முன்பே ஒரு வினா நிற்க வேண்டும். '100 அடியில் எவ்வளவு நீர் இருக்கும் என நினைக்கிறீர்கள்? எழுதுக' என்று கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் பெற்றபின் நழுவலைத் திறக்கச் செய்வது முறை. முன்கூட்டி எழுதிய எண்தான் திரையில் தோன்றும் எண்ணோடு மோத முடியும். எழுதாத மாணவருக்கு 64.9 என்பது மற்றுமொரு எண், 77.9 என்று எழுதியவருக்கு அது ஒரு சிக்கல்.

சில நடைமுறைக் குறிப்புகள்: திறன்பேசியில் பார்க்கும் மாணவரின் விரல் குறித்த மதிப்பில் நழுவலை நிறுத்துவது கடினம், ஆகையால் ஒவ்வொரு நழுவலோடும் உள்ளீட்டுக் கட்டம் ஒன்றை இணைத்தல் வேண்டும். கணினியில் நழுவலைத் தெரிவுசெய்து அம்புக்குறி விசையை அழுத்தினால் ஒரு விசைக்கு ஒரு படி நகரும். இதனை ஆசிரியர்கள் பலர் பயன்படுத்துவதில்லை. இணைய இணைப்பு தடைப்படும் ஆய்வகங்களில் ஜியோஜீப்ராவை முன்னரே நிறுவிக் கோப்பாகப் பணித்தாளைத் தருவதே பாதுகாப்பு. நழுவலின் பெயரை ஓரெழுத்தாக விடாமல் 'நீர்மட்டம் (அடி)' எனத் தமிழில் அலகோடு எழுதுவது சிறு செயல்தான். ஆனால் எழுத்து எதனைக் குறிக்கிறது என்ற ஐயம் அதனால் எழாமல் போகும்.

மேட்டூர்ப் பணித்தாளின் இறுதி வினா கடைமடைக்கு உரியது. நீர்மட்ட நழுவலின் படியளவை 1 அடியாக வைத்து, ஒவ்வோர் அடிக்கும் இருப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை மாணவர் குறிக்க வேண்டும். 120-இலிருந்து 119-க்கு இறங்கும்போது மாதிரிப்படி குறைவது 1.55 டி.எம்.சி.; 61-இலிருந்து 60-க்கு இறங்கும்போது 0.79 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அணையிலிருந்து வினாடிக்கு 12,000 கன அடி நீர் தொடர்ந்து திறக்கப்படுவதாகவும், அணைக்கு நீர்வரத்து இல்லை என்றும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு வெளியேறுவது 1.04 டி.எம்.சி. அதன்படி முதல் ஓரடி இறங்க ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகும். 61-இலிருந்து 60-க்கு இறங்க 18 மணி நேரமே போதும். நீர்மட்டம் 'நேற்றைவிட ஓரடி குறைந்தது' என்னும் ஒரே செய்தி 119 அடியில் ஒரு பொருளும் 60 அடியில் வேறு பொருளும் தருகிறது. சம்பா நாற்று விடுவதா, இன்னும் பொறுப்பதா என்று அச்செய்தியை வைத்துப் பேசும் வீட்டிலிருந்து வரும் மாணவர், அன்று மாலை அந்த இரண்டு எண்களையும் வீட்டுக்குக் கொண்டு செல்லலாம்.